அப்பாவின் ஓவர்

அப்பா போன பதின்மூன்றாம் நாள் பந்தியில் எனக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது. தம்பி பெண்டாட்டியின் மேல்.

காரணம் இருக்கிறது. அன்றைக்கு மாட்டுங்கா வீட்டுக்கு வானொலி நிலையத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அப்பாவோடு சில வருஷம் வேலை பார்த்தவர். இப்போது அங்கே தமிழ் நிகழ்ச்சி தயாரிக்கிறார். பாயசம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். கை அலம்பிவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னார். அப்பாவைப் பற்றி ஒரு நினைவஞ்சலி ஒலிபரப்பப் போகிறார்கள். குடும்பத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து பத்து நிமிஷம் பேச வேண்டும். பட்டாளத்துக் கதையாக இருந்தால் விசேஷம், யுத்தம் பார்த்த மனுஷர் பக்கத்து நாற்காலியில் இருந்தார் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்றார்.

நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தேன். மூத்தவள் நான். அந்த வீட்டில் தமிழைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தமிழ்ச் சங்க விழா என்றால் வரவேற்புரை எனக்குத்தான். வாயைத் திறப்பதற்குள் என் தம்பி முந்திக்கொண்டான்.

"அவளைப் பேசச் சொல்லுங்கோ சார். அப்பா கதையெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்."

'அவள்' மோர்ப் பாத்திரத்தோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். எனக்குத் தமிழ் வாசிக்க வராதே, அக்கா பேசட்டும் என்றாள். விட்டுக்கொடுக்கிறாளாம். எனக்கு. என் அப்பாவை. எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கலாம் போல இருந்தது. மோர் சாதம் பாக்கி இருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இளவயதில் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தார். வயர்லெஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு திரிந்தார். எழுபத்தொன்று யுத்தத்தில் கிழக்கு எல்லையில் இருந்தார். வெளியே வந்ததும் பம்பாயில் வானொலி வேலை கிடைத்தது. இங்கே கல்யாணம், இங்கே நாங்கள். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும், பாக்கி ஒன்பது நிமிஷத்துக்கு நான் எங்கே போவேன்?

வானொலி வேலை என்றால் பேசுகிற வேலை இல்லை. பேசுகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அப்பா இந்தப் பக்கம், காதில் ஹெட்ஃபோனோடு. குரல் இறங்கினால் ஏற்றுவார், ஏறினால் இறக்குவார். சின்ன வயதில் ஒரு தரம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண்மணி தன் பாட்டுக்குச் சமையல் குறிப்பு வாசித்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். வீட்டில் நான் பள்ளிக்கூடத்துச் சண்டையைச் சொன்னால் பாதியில் பேப்பரை எடுத்துக்கொள்கிற மனுஷர் அவர். யாரோ ஒருத்தி வெண்டைக்காயை எப்படி நறுக்குவது என்று சொல்வதை அப்படிக் கேட்டாரே என்று அன்றைக்கே பொறாமை. பேர் தெரியாத அந்தப் பெண்மணியை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா வீட்டில் பேசுவது குறைவு. பேசினாலும் கடைசியில் ஒரு 'ஓவர்' போடுவார். "இன்னிக்கு ட்ரெயின்ல நல்ல கூட்டம். ஓவர்." "ஒன் கணக்கு மார்க் பாத்தேன். ஓவர்." நாங்கள் நகர்ந்துவிடுவோம். அம்மா பழக்கிய பழக்கம் அது. அவர் ஓவர்னு சொல்லிட்டார், இனிமே தொணதொணக்காதே என்று எங்களை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆட்டம் ஓவர், கதை ஓவர், சாதம் ஓவர் என்று ஊரே சொல்கிற வார்த்தைதானே? முடிந்தது என்று அர்த்தம். பட்டாளத்து ஆள், பேச்சை வெட்டி முடிக்கிறார் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். கட்டடத்துப் பையன்கள் அவருக்கு 'ஓவர் மாமா' என்றே பேர் வைத்திருந்தார்கள்.

ஜூன் மாதம் வந்துவிட்டால் இன்னொன்று. ஜன்னல் பக்கம் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்துச் சொல்வார், "மழை வர மாதிரி இருக்கு. ஓவர்." உடனே அம்மா, துணியை எடுங்கோ, துணியை எடுங்கோ என்று கத்துவாள். நானும் தம்பியும் பால்கனிக்கு ஓடுவோம். கொடியில் இருக்கிற உள்பாவாடை, துண்டு, யூனிஃபார்ம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு உள்ளே வந்தால் அப்பா இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். எங்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுவார்.

அம்மா போன பிறகு, நான் கல்யாணமாகி செம்பூரில் இருந்தபோதுதான் தம்பி அவளைக் கட்டிக்கொண்டான். தாராவியில் பிறந்து வளர்ந்த பெண். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சயானில் காலேஜ் படித்துவிட்டு ஏர்போர்ட்டில் வேலைக்குச் சேர்ந்தவள். விமானம் வந்து நின்றதும் மூட்டை இறக்குகிறவர்கள், பஸ்காரர்கள் எல்லாரையும் மேய்க்கிற வேலை. ரிஜிஸ்தர் கல்யாணம். எங்கள் உறவுக்காரர்கள் கசமுசாவென்று பேசினார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டாரே.

அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நானும் இருந்தேன். அப்பா அவளைப் பார்த்து, "சயான் காலேஜ்னு சொன்னான். ஓவர்" என்றார். வழக்கம்போல நாங்கள் நகரப் பார்த்தோம். அவள் நகரவில்லை.

"ஆமா மாமா. ஸ்டேஷன் வழியா நடந்தே போயிருவேன். ஓவர்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த முதல் நாளே மாமனாரைப் பழித்துக் காட்டுகிறாளே, என்ன கொழுப்பு இருக்க வேண்டும்! அப்பாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அப்பா அவளை அப்படியே பார்த்தார். பிறகு சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல். அதற்குப் பிறகு எப்போது மாட்டுங்காவுக்குப் போனாலும் அந்த இரண்டு நாற்காலியும் பால்கனியில் எதிரெதிரே கிடக்கும். அவள் டியூட்டி முடிந்து வந்ததும் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா பேசுவார், ஓவர் என்பார். அவள் பேசுவாள், ஓவர் என்பாள். நான் காப்பியோடு போனால் பேச்சு நின்றுவிடும். இருவரும் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பார்கள், ஆபீஸுக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி. ஐஸ் வைக்கிறாள், கிழவரை நன்றாக மயக்கி வைத்திருக்கிறாள் என்று செம்பூர் திரும்புகிற வழியெல்லாம் என் வீட்டுக்காரரிடம் புலம்புவேன். உனக்கும் பேச வேண்டுமென்றால் நீயும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளேன் என்பார் அவர். சொல்கிறவர்களுக்கு என்ன.

சாயங்கால நடைக்கும் அவள்தான் துணை. கிங்ஸ் சர்க்கிள் தாண்டி சயான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். சர்க்கரைக்காக நடக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டுதான் அந்தப் பதின்மூன்று நாளையும் ஓட்டினேன். அப்பாவின் கடைசி வார்த்தை என்னிடம்தான்.

இந்த மழைக்காலத்தில் சயானில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு நாள் மத்தியானம் அவளுக்கு ஏர்போர்ட் டியூட்டி, தம்பிக்கு ஆபீஸ். அப்பாவும் நானும் மட்டும். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பங்குக்கு ஆள் இல்லாமல் அவர் எனக்குக் கிடைத்தார். நான் ஆரஞ்சு உரித்தேன். அவர் சாப்பிடவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்து, "மழை வர மாதிரி இருக்கு. ஓவர்" என்றார். சரிப்பா, நான் கெளம்பறேன், நீங்க தூங்குங்கோ என்று குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் விடியும்போது போய்விட்டார். நடுவில் வேறு யாரிடமும் அவர் பேசவில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

மகள் நனைந்துவிடக் கூடாதே என்று சாகிற நேரத்திலும் கவலைப்பட்ட அப்பா. பேச்சை அதில்தான் முடிப்பது என்று தீர்மானித்துவிட்டேன். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவளும் கேட்கட்டும். அவளுக்குக் கிடைக்காதது ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

முடிவு இருந்தது, நடுவில் போடக் கதை இல்லை. அதற்கு அவளிடம்தான் போய் நிற்க வேண்டும். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனேன். போகிற வழியில் கடையில் பூ வாங்கினேன். அவளுக்கு நான் பூ வாங்கினது அதுதான் முதல் தரம் என்பதால் அவள் கொஞ்சம் பயந்துபோனாள்.

பால்கனியில் அதே இரண்டு நாற்காலி. அப்பாவுடையதில் நான் உட்கார்ந்தேன். யுத்தத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா, ரேடியோக்காரர்களுக்கு வேண்டுமாம் என்றேன், எனக்கு வேண்டாத மாதிரி.

"யுத்தக் கதைன்னா மாமா எப்பவும் மழைல இருந்துதான் ஆரம்பிப்பாவ, அக்கா" என்றாள். "'மழை வர மாதிரி இருக்கு, ஓவர்'ம்பாவ. நான் 'கிங்ஸ் சர்க்கிள்ல தண்ணி நிக்குமா மாமா, ஓவர்'னு கேப்பேன். அவ்ளோதான், கதை ஓட ஆரம்பிச்சிரும்."

அவர்தான் ஓவர்னு முடிச்சுட்டாரே, அப்புறம் நீ என்னத்தைக் கேக்கறது என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஓவர்னா முடிஞ்சதுன்னு இல்லக்கா. நான் சொல்லிட்டேன், இனி நீங்க சொல்லுங்கன்னு அர்த்தம். முடிஞ்சதுன்னா 'அவுட்'னு சொல்லுவோம். ஏர்போர்ட்ல வாக்கி டாக்கில நாள் பூரா நாங்க அப்படித்தான பேசுதோம்."

"அப்பா எப்பவாவது அவுட்னு சொல்லியிருக்காரா?"

"எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

என்னிடமும் சொன்னதில்லை. எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. கீழே ஒருவன் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்றுக்கொண்டு போனான். அவள் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

கிழக்கு எல்லையில் ஒரு ஆறு. அப்பா இந்தக் கரையில் வயர்லெஸ் பெட்டியோடு. ஆற்றைக் கடந்துபோன படையோடு அந்தக் கரையில் இன்னொரு ஆபரேட்டர். இருவரும் முகம் பார்த்ததில்லை. பேரும் தெரியாது, பேருக்குப் பதில் கூப்பிட ஒரு குறிச்சொல், அவ்வளவுதான். வேலைப் பேச்சு முடிந்ததும் மேலதிகாரி பக்கத்தில் இல்லையென்றால் ஹிந்தியில் இரண்டு வார்த்தை சொந்தப் பேச்சு. அந்த ஆபரேட்டர் பம்பாய்க்காரர், சயானில் வீடு. எங்கள் ஊர் மழையைப் போல மழை கிடையாது, கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அதில் என் அம்மா முந்தானையை விரித்து மீன் பிடிப்பாள் என்று கதை விடுவாராம். எத்தனை மீன் என்று அப்பா கேட்பாராம். யுத்தம் முடியட்டும், சயான் ஸ்டேஷனில் வந்து இறங்கு, நான் நிற்கிறேன், நீயே எண்ணிப் பார் என்றாராம். ஒரு நாள் காலையில் அப்பா, வானம் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, "மழை வர மாதிரி இருக்கு. ஓவர்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். போதும் நிறுத்து என்று உத்தரவு வருகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆள் செத்தாரா, பெட்டி போயிற்றா, யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. விசாரிக்கப் பேர் வேண்டுமே. பட்டாளத்தை விட்டதும் அப்பா ஊருக்குப் போகவில்லை. தகரப் பெட்டியோடு சயான் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

"அந்தாளு மூஞ்சி தெரியாதுல்லா அக்கா, குரல்தான் தெரியும். அதான் பிளாட்பாரத்துல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாவ" என்றாள். "ரேடியோ வேலைக்கு மனு போட்டதும் அதுக்குத்தானாம். எல்லாக் குரலும் ஒருநாள் அங்க வந்துதான ஆகணும்னு சொல்லுவாவ."

நான் பம்பாயில் பிறந்ததற்குக் காரணம் அதுதான். நான் ஏன் இந்த ஊர்க்காரி என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாக! அவள் தலையில் நான் வாங்கிக்கொடுத்த பூவையே பிய்த்து எறியலாம் போல ஆத்திரம் வந்தது. அவள்மேலா, அப்பாமேலா, துணி துணி என்று கத்தின அம்மாமேலா என்று எனக்கே தெரியவில்லை. ஓவர்னா என்னன்னு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷர் என்று கத்தினேன்.

"நானும் கேட்டேன்க்கா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "'அவாளுக்கு எங்கிட்டப் பேச ஒண்ணும் இல்ல போலருக்குன்னு நெனச்சுண்டேன்'னு சொன்னாவ."

அவள் வாயில் அப்பாவின் பேச்சு அச்சாக அப்படியே வந்தது. ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்ன வார்த்தையைப் பற்றி நான் அவளிடம் மூச்சுவிடவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நனையாமல் போ என்று அப்பா என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு நாள் அன்று மழை கொட்டியது. ரயில் தத்தித் தத்திப் போனது. அவளும் கூட வந்தாள், லீவு போட்டுவிட்டு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை மைக் முன்னால் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்கள். அவளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தயாரிப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அப்பா உட்கார்ந்திருந்த பக்கம். அங்கேயும் அவள்தான், பாருங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ஆறு, அந்தக் கரை ஆபரேட்டர், மீன், சயான் ஸ்டேஷன். இதையெல்லாம் அப்பா சொன்னது என் தம்பி மனைவியிடம், என்னிடம் இல்லை என்றும் வாசித்தேன். அதை எழுதும்போது பேனா நகர மறுத்தது, ஆனாலும் எழுதியிருந்தேன். அவளிடம் கதை கேட்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்த கடைசித் தாள் வந்தது. அதில் நனையக் கூடாதே என்று கவலைப்பட்ட அப்பா இருந்தார். அந்தத் தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அப்படியே சொன்னேன். அப்பா சொன்னது, நான் எழுந்துபோனது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. அவளுக்கு இது தெரியாது. பிறகு மைக்கை என் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

"அப்பா, மழை வந்தாச்சு. கிங்ஸ் சர்க்கிள்ல முழங்கால் தண்ணி. அவரோட அம்மா எத்தனை மீன் பிடிச்சா? ஓவர்."

ஹெட்ஃபோனில் ஒன்றுமே இல்லை. சன்னமாக ஒரு இரைச்சல், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்களோடு பேசுவதற்கு அந்தப் பக்கம் ஒரு பொத்தான் உண்டு. அவள் கை அதற்குப் பக்கத்தில் இருந்தது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், எப்போதும் தெரியும். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முடிந்தது, வெளியே வரலாம் என்று தயாரிப்பாளர் கையைக் காட்டினார். அப்பா இன்னும் அவுட் சொல்லவில்லை. நான் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.